ஆங்கிலச் சட்டத்தில் ஒப்பந்த மீறல்: இழப்பைக் கணக்கிடுவது முதல் தீர்ப்பை நிறைவேற்றுவது வரை

ஒப்பந்தத்தை மீறியவரைத் தண்டிப்பது ஆங்கிலச் சட்டத்தின் நோக்கம் அன்று. வாக்குத் தவறியவர் வேண்டுமென்றே தவறினாரா, வேறு வழியின்றித் தவறினாரா, தவறியதால் ஆதாயம் பார்த்தாரா என்பவற்றைப் பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றம் கேட்பதே இல்லை. மீறலால் வாதிக்கு நேர்ந்த இழப்பு என்ன, அதற்குச் சான்று என்ன என்பதே அங்கே எழும் கேள்வி. ஆகவே நியாயம் தம் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு மட்டும் வழக்குக்குப் போகிறவர், வென்றும் வெறுங்கையோடு திரும்பக்கூடும். அதைவிட மோசமாக, அவசரப்பட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டவர், தாமே மீறியவர் என்ற நிலைக்குத் தள்ளப்படவும் கூடும்.

இங்கே விளக்கப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் சட்டம். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட மரபு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்றும் இதைக் கொள்ள வேண்டியதில்லை. கப்பல், சரக்கு, காப்பீட்டுத் துறைகளில் ‘இவ்வொப்பந்தம் ஆங்கிலச் சட்டத்திற்கு உட்பட்டது’ என்ற வரி உலகெங்கும் வழக்கத்தில் இருப்பதால், சென்னையிலும் கொழும்பிலும் கையெழுத்திடும் வணிகரும் இவ்விதிகளுக்குள் வந்துவிடுகிறார்.

முதல் படி: ஒப்பந்தத்தை மீண்டும் படித்தல்

எந்தக் கடிதமும் எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுவதுமாக மறுபடி படிக்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, பணம் செலுத்திய பதிவு ஆகியவை சான்றாகும். நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பதும், பிறர் கடனுக்கு ஜாமீன் நின்றதற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்ற 1677ஆம் ஆண்டு விதி இன்றும் நடப்பில் உள்ளது என்பதும் முக்கியமான விதிவிலக்குகள்.

படிக்கும்போது சில பிரிவுகளைக் குறிப்பாகத் தேட வேண்டும்: அறிவிப்பை யாருக்கு, எந்த முறையில் அனுப்ப வேண்டும், குறையைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும், தகராறு நீதிமன்றத்துக்குப் போகிறதா, நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகிறதா, பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டா. இவற்றுள் கடைசியானதை வெற்று வாசகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு தொழிற்சாலையைக் காவல் காக்க அனுப்பப்பட்ட காவலாளியே அங்கே தீ மூட்டி, கட்டடம் முழுவதும் எரிந்துபோன வழக்கில், 1980இல், அந்நாளில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை காவல் நிறுவனத்தின் பொறுப்பு விலக்குப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. இரு வணிகர்கள் அறிந்து பேசி வகுத்துக்கொண்ட இடர்ப் பங்கீட்டில் தலையிட நீதிமன்றத்துக்கு விருப்பம் குறைவு. ஒருவர் தம் வழக்கமான படிவத்தை மற்றவர்மீது திணித்த இடங்களில், 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் அந்தப் பிரிவு நியாயமானதுதானா என்று சோதிக்கும்.

எதிர்த்தரப்புக்கு உள்ள சாக்குகளையும் இப்போதே எடைபோட்டுவிடலாம். ‘என் தவறு இல்லை’ என்பது பொதுவாக விடையாகாது. விற்ற பொருள் தரமற்றதாக இருந்தால், விற்றவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது பொருட்டில்லை. ஆனால் கட்டட வரைவாளர், கணக்காளர், மருத்துவர் போன்றோரின் சேவையில் நியாயமான கவனமும் திறனும் காட்டினார்களா என்பதே அளவுகோல். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதே இயலாமல் போனால் அது தானாக முடிந்துவிடும். வாடகைக்குப் பேசிய இசையரங்கம் நிகழ்ச்சிக்கு முன்பே எரிந்துபோன 1863ஆம் ஆண்டு வழக்கு இதற்கு மூலம். ஆள் கிடைக்கவில்லை, செலவு கூடிவிட்டது என்பவை இந்த வரையறைக்குள் வாரா. எட்டு மாதத்தில் 78 வீடுகள் கட்டித்தர ஒப்புக்கொண்டு 22 மாதம் எடுத்துக்கொண்ட ஒப்பந்தக்காரர் 1956இல் இவ்வாறு வாதிட்டுத் தோற்றார்.

இரண்டாம் படி: மீறல் எவ்வளவு பெரியது?

எந்த மீறலுக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளும் உரிமை எல்லா மீறலுக்கும் கிடைக்காது. ஒப்பந்தத்தின் வேரைத் தொடும் விதியை ‘நிபந்தனை’ என்றும், துணையான விதியை ‘வாரண்டி’ என்றும் ஆங்கிலச் சட்டம் பிரித்துப் பார்க்கும். 1876இல் தீர்ப்பான இரண்டு பாடகர் வழக்குகளை எல்லாச் சட்ட மாணவரும் அறிவர். முதல் நாள் அரங்கேற்றத்துக்கும் அடுத்த சில காட்சிகளுக்கும் நோயால் வர முடியாத பாடகியை அரங்கத்தார் நீக்கியது செல்லும் என்று முடிவானது. ஒத்திகைக்காக ஆறு நாள் முன்னதாக வரவேண்டியவர் தாமதமாக வந்ததற்காக நீக்கப்பட்டது செல்லாது. அவரிடம் இழப்பீடு மட்டுமே கேட்டிருக்கலாம்.

நடைமுறையில் பெரும்பாலான விதிகள் இந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்குவதில்லை. ‘ஹாங்காங் ஃபிர்’ என்ற கப்பல் 24 மாதங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. எஞ்சின்கள் பழையவை, அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த பணியாளர்கள் இல்லை. ஏறத்தாழ 20 வாரங்கள் பழுதிலும் பராமரிப்பிலும் போயின. அதற்குள் சந்தையில் கப்பல் வாடகை சரிந்துவிடவே, வாடகைக்கு எடுத்தவர்கள் ஒப்பந்தத்தை முறித்தார்கள். கப்பல் கடலோடத் தகுதியற்ற நிலையில் ஒப்படைக்கப்பட்டது மீறல்தான் என்று 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் பதிவான அவ்வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், இத்தகைய விதி மீறப்படும்போது விதியின் பெயரைப் பார்க்காமல் விளைவைப் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி டிப்ளாக்: ஒப்பந்தத்திலிருந்து பெறவேண்டிய முழுப் பயனும் ஏறக்குறைய பறிபோய்விட்டதா என்பதே கேள்வி. இன்னும் 17 மாதங்கள் பயன்படுத்தக் கப்பல் இருந்ததால் பறிபோகவில்லை. முறித்த தரப்பே மீறிய தரப்பாயிற்று.

மூன்றாம் படி: முடிப்பதா, தொடர்வதா?

வேரைத் தொடும் மீறல் நிகழ்ந்தாலும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. பாதிக்கப்பட்டவர் அதை முடித்துக்கொள்ளலாம், அல்லது உயிரோடு வைத்து நிறைவேற்றுமாறு கேட்கலாம். இந்தத் தெரிவைச் சொல்லாலோ செயலாலோ ஐயமின்றித் தெரிவிக்க வேண்டும். மீறலை அறிந்த பிறகும் பணம் வாங்குவது, புதிய ஆணை கொடுப்பது, வேலையைத் தொடரச் சொல்வது ஆகியவை ‘தொடர்கிறேன்’ என்பதற்குச் சமம். அப்படித் தொடர்ந்த பின் அதே மீறலைக் காட்டி முறித்துக்கொள்ள இயலாது. ஆகவே முடிவெடுக்கும் வரையிலான ஒவ்வொரு கடிதத்திலும் ‘எங்கள் உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறோம்’ என்ற வரியைச் சேர்ப்பது வழக்கம். அது முழுக் கவசம் ஆகாது என்றாலும், அவகாசம் பெற உதவும்.

உரிய நாள் வருமுன்பே மறுதரப்பு ‘செய்யமாட்டேன்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அந்த நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1852 ஜூன் 1 முதல் ஐரோப்பியப் பயணத்தில் உடன்வர அமர்த்தப்பட்ட வழித்துணைவரிடம், மே 11 அன்றே ‘நீங்கள் வேண்டாம்’ என்று எழுதிவிட்டார்கள். அவர் மே 22 அன்றே வழக்குப் போட்டார். அது காலத்துக்கு முந்திப் போட்ட வழக்கன்று என 1853இல் தீர்ப்பானது.

என் கருத்தில் இந்த வழிகாட்டியிலேயே அதிக எச்சரிக்கை வேண்டிய இடம் இதுதான். மீறல் வேரைத் தொடுகிறதா என்பதில் சிறிதளவு ஐயம் இருந்தாலும், ஒப்பந்தத்தில் உள்ள குறைதீர்க்கும் அறிவிப்பு முறையை முதலில் கடைப்பிடித்து, அவகாசம் முடிந்த பிறகு அப்பிரிவின்படி முடித்துக்கொள்வதே பாதுகாப்பு. சொலிசிட்டர் எனப்படும் ஆலோசனை வழக்கறிஞரிடம் ஒரே ஒருமுறைதான் ஆலோசனை கேட்க வசதி உண்டு என்றால், அதை முறிவுக் கடிதம் அனுப்புவதற்கு முந்தைய நாளில் கேட்க வேண்டும்.

நான்காம் படி: இழப்பைக் கணக்கிடுதல்

அடிப்படை விதியை 1848இல் நீதிபதி பார்க் வகுத்தார்: ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேற்றப்பட்டிருந்தால் வாதி எந்நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் இயன்ற அளவு அந்நிலையில் அவரை வைக்க வேண்டும். கண்ணோட்டம் எதிர்பார்த்த பயனை நோக்கியது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதோடு நின்றுவிடுவதில்லை. இலாபம் எவ்வளவு வந்திருக்கும் என்று காட்டவே முடியாத முயற்சியில், வீணான செலவை மாற்றாகக் கேட்கலாம். வாய்ப்பு பறிபோனதற்கும் மதிப்பு உண்டு. நடிகையரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் 12 இடங்களுக்கு 50 பேரில் ஒருவராக முன்னேறியும், நேர்காணலுக்கு உரிய நேரத்தில் அழைக்கப்படாத பெண்ணுக்கு 1911இல் 100 பவுண்ட் உறுதிசெய்யப்பட்டது.

குறையைச் சரிசெய்யும் செலவைக் கேட்பதா, மதிப்புக் குறைவைக் கேட்பதா என்பது கட்டட வழக்குகளில் ஓயாத சண்டை. ஒருவர் தம் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டச் சொல்லி, ஆழம் 7 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும் என்றார்; கட்டி முடித்தபோது அதிகபட்ச ஆழமே 6 அடி 9 அங்குலம். இடித்துக் கட்ட 21,560 பவுண்ட் ஆகும். ஆனால் குளம் நீந்தப் பாதுகாப்பானது, சொத்தின் மதிப்பும் குறையவில்லை. பெறும் பயனுக்கு ஒவ்வாத செலவு என்று 1995இல் பிரபுக்கள் சபை அத்தொகையை மறுத்து, விரும்பிய இன்பம் கிடைக்காததற்காக விசாரணை நீதிபதி அளித்த 2,500 பவுண்டை மட்டும் நிலைநிறுத்தியது. கட்டுநர் அளவு தவறிக் கட்டினால் இடித்துக் கட்டும் செலவு நிச்சயம் வரும் என்று எண்ணுபவர்கள் இத்தீர்ப்பை மனத்தில் வைக்க வேண்டும்.

இழப்பு உண்மையானதாக இருந்தாலும் மிகத் தொலைவானதாக இருந்தால் கிடைக்காது. இவ்விதி 1854இன் ‘ஹாட்லி எதிர் பேக்ஸன்டேல்’ வழக்கிலிருந்து வருகிறது. க்ளோஸ்டர் நகர மாவு ஆலையின் இயந்திரத் தண்டு உடைந்தது. புதியதற்கு மாதிரியாக அதை க்ரீனிச்சுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பேற்றவர்கள் தாமதித்தார்கள். ஆலை கூடுதலாகச் சில நாள் நின்றது. நின்ற நாள்களின் இலாபம் கேட்டு வாதிகள் வந்தனர். மீறலிலிருந்து இயல்பாக எழும் இழப்பு, அல்லது ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய இழப்பு, இவ்விரண்டும்தான் கிடைக்கும் என்றது நீதிமன்றம். மாற்றுத் தண்டு இல்லாமல் ஆலை முடங்கும் என்பது பொதுவாக நடப்பதன்று. தண்டைக் கொண்டுசென்றவர்களுக்கு அது தெரிவிக்கப்படவும் இல்லை. 1949இல் ஒரு சலவை நிறுவனம், கொதிகலன் ஐந்து மாதம் தாமதமாக வந்ததற்கு வழக்கமான தொழில் இலாபத்தைப் பெறலாம் என்றும், அரசுத் துறையோடு பேசிவைத்திருந்த தனிச் சிறப்பான சாய ஒப்பந்தங்களின் இலாபத்தை விற்பவர் அறியாததால் அதைப் பெற இயலாது என்றும் முடிவானது. தாமதத்தால் பெரிய இழப்பு வரும் என்றால், கையெழுத்திடும் முன்பே அதை ஒரு வரியாக எழுதி அனுப்பிவிட வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

அடுத்தது, இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். 1919ஆம் ஆண்டுப் பட்டு வழக்கொன்றில், கடனுக்குத் தர ஒப்புக்கொண்ட விற்பனையாளர் இனி ரொக்கம் தந்தால்தான் சரக்கு என்றார். அது மீறல். ஆனால் வாங்குபவர் அந்த வாய்ப்பை மறுத்துவிட்டு, ஏறிய சந்தை விலையின் வேறுபாட்டைக் கேட்டபோது, ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் எவ்வளவு இழந்திருப்பாரோ அவ்வளவுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்று ஆளைத் தேடியதற்கான விலைப்புள்ளிகள், மின்னஞ்சல்கள் அனைத்தையும் சேமித்து வைக்க வேண்டும்.

மன உளைச்சலுக்கு வணிக ஒப்பந்தங்களில் பொதுவாகப் பணம் இல்லை. இன்பத்தையோ நிம்மதியையோ தருவதே ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கமாக இருக்கும் விடுமுறைப் பயணம் போன்றவற்றில் மட்டும் சிறு தொகை கிடைக்கும். மீறியவரின் ஆதாயத்தையே பறிக்கும் தீர்வு 2000ஆம் ஆண்டில், சோவியத் உளவாளியாக மாறிய ஜார்ஜ் பிளேக்கின் நூல் வருமானம் பற்றிய வழக்கில் வழங்கப்பட்டது. அது மிக அரிதான விதிவிலக்கு.

செய்து முடித்த வேலைக்கோ ஒப்படைத்த சரக்கிற்கோ பேசிய விலை வரவேண்டியிருந்தால், இந்தக் கணக்குகள் எதுவும் தேவையில்லை. அது கடன், இழப்பீட்டுக் கோரிக்கை அன்று. தொகை நிலுவையில் உள்ளது என்று காட்டினால் போதும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட தொகை

‘தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் இவ்வளவு’ என்று முன்கூட்டியே தொகை குறித்திருந்தால் இழப்பை மெய்ப்பிக்கும் பாடு மிச்சம். ஆனால் அது அபராதமாக இருந்தால் செல்லாது. 1915 முதல் நூறு ஆண்டுகள், அத்தொகை இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடா என்பதே சோதனையாக இருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கோருபவருக்குரிய முறையான நலனுக்கு அத்தொகை முற்றிலும் அளவு மீறியதா என்று கேட்டது. செம்ஸ்ஃபோர்டு நகரில் இரண்டு மணி நேர இலவச வாகன நிறுத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றதற்கு விதிக்கப்பட்ட 85 பவுண்ட், நிறுத்த நிறுவனத்துக்கு நேரடி இழப்பு ஏதும் இல்லாத போதும், செல்லும் என்றது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தோடு பழகிய வாசகர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 73ஆம் பிரிவு ஹாட்லி வழக்கின் விதியையே பெரிதும் தழுவியது; எனவே தொலைவு பற்றிய பேச்சு பழகியதாகத் தோன்றும். 74ஆம் பிரிவோ அபராதம், முன்மதிப்பீடு என்ற பாகுபாட்டையே விட்டுவிட்டு, குறித்த தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான ஈட்டை வழங்கச் சொல்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் குறித்த தொகை முழுதாக நிற்கும், அல்லது முழுதாக விழும்.

ஆறாம் படி: பணம் போதாதபோது

ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற ஆணை உரிமையாகக் கிடைப்பதன்று. நீதிமன்றத்தின் விருப்புரிமை சார்ந்தது. நிலமும் வீடும் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையவை என்பதால் அங்கே இவ்வாணை சாதாரணம். கடையில் வாங்கக் கிடைக்கும் சரக்குக்கு அது கிடைக்காது. ஒருவரின் உடலுழைப்பைக் கட்டாயப்படுத்தவும் கிடைக்காது. 35 ஆண்டுக் குத்தகையில் கடையைத் திறந்தே வைப்பதாக ஒப்புக்கொண்டு, நட்டம் காரணமாக ஷெஃபீல்ட் நகரின் வணிக வளாகமொன்றில் மூடப்பட்ட சூப்பர் மார்க்கெட்டைத் திறக்குமாறு ஆணையிட 1997இல் பிரபுக்கள் சபை மறுத்தது. நட்டத்தில் ஓடும் தொழிலை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் மேற்பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது காரணம்.

செய்யாதே என்று தடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஒரே அரங்கில் பாடுவதாக ஒப்புக்கொண்டு வேறு அரங்குக்குப் போக முயன்ற யோஹானா வாக்னர் என்ற பாடகியை, 1852இல் நீதிமன்றம் பாடவைக்கவில்லை. மற்ற அரங்கில் பாடக் கூடாது என்று தடையாணை மட்டும் இட்டது. தடையாணை கேட்பவர் தாமதிக்கக் கூடாது; வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று வருபவரை நீதிபதிகள் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

நுகர்வோருக்கு மட்டும்

கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் மேற்சொன்ன நிபந்தனை ஆய்வெல்லாம் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமை தருகிறது. அதன் பிறகு விற்றவர் ஒருமுறை பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ வாய்ப்புப் பெறுவார். அதுவும் பலிக்காவிட்டால் விலைக் குறைப்போ திருப்பிக் கொடுத்தலோ உண்டு. பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் கேட்கும்போது, முதல் ஆறு மாதத்தில் தெரியவரும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். விற்ற கடை மூடப்பட்டிருந்தாலும் வழி இருக்கிறது: விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியையேனும் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பாகும். டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது.

ஏழாம் படி: கடிதம், வழக்கு, வசூல்

முதலில் காலவரையறையைப் பார்க்க வேண்டும். சாதாரண ஒப்பந்தத்துக்கு மீறல் நிகழ்ந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள். ‘டீட்’ எனப்படும் முறைசார் பத்திரத்துக்கு 12 ஆண்டுகள். மீறல் தெரியவந்த நாள் பொதுவாகக் கணக்கில் வராது.

அடுத்து, வழக்குக்கு முந்தைய கடிதம். நடந்தது என்ன, எந்த விதி மீறப்பட்டது, எவ்வளவு கோரப்படுகிறது, அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுதி, முக்கிய ஆவணங்களின் நகல்களை இணைக்க வேண்டும். எளிய தகராறில் பதிலுக்கு 14 நாள் தருவது முறை. மிகச் சிக்கலானதில் மூன்று மாதம்வரை. தனிநபரிடம் ஒரு வணிகம் கடன் வசூலிக்கிறது என்றால் தனி நெறிமுறைப்படி 30 நாள் தர வேண்டும். வட்டியையும் இங்கேயே கோரிவிடலாம்: கவுன்டி நீதிமன்றத்தில் ஆண்டுக்கு 8 விழுக்காடு கேட்பது வழக்கம்; வணிகர்களுக்கு இடையிலான நிலுவைக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 விழுக்காடும், கடனின் அளவைப் பொறுத்து 40, 70 அல்லது 100 பவுண்ட் நிலைத்தொகையும் கிடைக்கும்.

10,000 பவுண்ட் வரையிலான வழக்குகள் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவில் விசாரிக்கப்படும். அங்கே வென்றாலும் வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. நீதிமன்றக் கட்டணம் வரும். வாதி தாமே வாதாடும்படி அமைந்த பிரிவு அது. பணம் கோரும் சிறு வழக்குகளில் 2024 மே முதல் ஒரு மணி நேரத் தொலைபேசிச் சமரசப் பேச்சு இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டுள்ளது. இதைச் சடங்காக எண்ணாமல், எந்தத் தொகைக்கு இறங்கி வரலாம் என்று முன்பே முடிவு செய்துகொண்டு பேச வேண்டும். பெரிய வழக்குகளில் தோற்றவர் மறுதரப்பின் செலவையும் ஏற்க நேரும் என்பதால், ஏற்கத்தக்க சமரசத்தை மறுப்பது விலை மிகுந்த பிடிவாதமாகிவிடும்.

கோரிக்கை விவரங்கள் கைக்குக் கிடைத்த பின் பிரதிவாதிக்குப் பதிலளிக்க 14 நாள். பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தாக்கல் செய்தால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள். ஒன்றும் செய்யாவிட்டால் விசாரணையின்றியே தீர்ப்புப் பெறலாம்.

தீர்ப்பு கையில் கிடைத்தால் பணம் தானாக வந்துவிடாது. ஆகவே வழக்குத் தொடுக்கும் முன்பே எதிர்த்தரப்பிடம் சொத்து உண்டா என்று பார்ப்பது அறிவுடைமை. நிறுவனமானால் அதன் கணக்கு அறிக்கைகளை, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். செலுத்த மறுப்பவரிடம் அமீனாக்களை அனுப்பிப் பொருள்களைக் கைப்பற்றலாம், வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பெறும் ஆணை கேட்கலாம், சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கேட்கலாம், கடனுக்கு ஈடாக வீட்டின் மீது பொறுப்பு ஏற்றிவைக்கலாம். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் செலுத்தப்படாத தீர்ப்பு பொதுப் பதிவேட்டில் 6 ஆண்டுகள் நிற்பதால், வங்கிக் கடன் தேவைப்படும் பிரதிவாதி அதற்கு அஞ்சியே பல நேரம் கட்டிவிடுவார். தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டுகள் கடந்துவிட்டால், அமீனாவை அனுப்பும் ஆணைக்கு நீதிமன்றத்தின் தனி அனுமதி பெற வேண்டியிருக்கும்.